இரண்டு பெட்டிகளில் ஒரு சுவடி

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு அருகே படப்பிடிப்பு நிலையம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பல ஆண்டுத் தேரோட்டங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நடந்த திருமணங்களும் அவருடைய கணிப்பொறியில் அசையும் படங்களாகச் சேர்ந்திருந்தன. அவை அத்தனையும் ஒரே வன்தட்டில் இருந்தன. மேசை மீது புதிய தட்டு ஒன்று பிரிக்கப்படாத உறையோடு இருந்தது.

“சார், ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்துப் போட்டா வேகம் ரெட்டிப்பாகுமாமே? உள்ளே இருக்கிறது அப்படியே இருக்குமா?” என்று கேட்டார்.

முதல் வினாவுக்கு உடனே விடை சொல்லிவிட்டேன். இரண்டாவது வினாவுக்கு, “அண்ணாச்சி, நான் சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள்” என்றேன். காரணம் உண்டு. முதுகலை மாணவனாக இருந்தபோது இதே ஆசையால் நான்கு மாத அளவீடுகளை நான் இழந்தவன். மெல்லிய உலோகப் படலங்களின் மின்தடை வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்று இரவு பகலாக அளந்து குறித்தவை அவை. இரண்டு தட்டுகளை இணைக்கும் ஆணையைக் கொடுத்தேன். “எல்லாத் தகவல்களும் அழியும், தொடரலாமா?” என்று கணிப்பொறி கேட்டது. புதிய தட்டைப் பற்றித்தான் கேட்கிறது என்று எண்ணிச் சரி என்றேன். அளவீடுகள் போயின. படலங்களை மீண்டும் செய்து, மீண்டும் அளக்க வேண்டியதாயிற்று.

அண்ணாச்சியின் இரண்டாவது வினா எளியது போலத் தோன்றினும், அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு டன்னுக்கும் மேல் ஒரு தட்டு

1956ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் ‘ராமாக்’ என்னும் கணிப்பொறியை அறிவித்தது. சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் இயங்கிய குழு அதற்கென ஒரு புதிய நினைவுக் கருவியை அமைத்திருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. தட்டுகளின் மீது காந்தப் பூச்சு இருந்தது. அதன் நுண்ணிய பகுதிகளை ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்கிச் செய்தி எழுதப்பட்டது. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்ட அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்திற்கு ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும்!

அடுத்து வந்த ஆண்டுகளில் தட்டின் கொள்ளளவு விரைந்து பெருகியது. ஆனால் வேகம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இதற்குக் காரணம் இயந்திரவியல்தான். எழுத்தின் உருவைச் சுருக்கினால் ஒரு தட்டில் நூறு மடங்கு எழுதிவிடலாம். சுழற்சியை நூறு மடங்காக்க முடியுமா? இன்றுகூட மேசைக் கணிப்பொறியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறைதான் சுழல்கிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ராமாக்கைப் போல ஆறு மடங்கே! இதற்கிடையில் கணக்கிடும் பகுதியோ பல இலட்சம் மடங்கு வேகம் பெற்றுவிட்டது. வேகமாக உண்பவன் முன்னே மெதுவாகப் பரிமாறுபவன் நிற்பதைப் போன்ற நிலை இது.

பந்தியில் இதற்கு என்ன செய்வோம்? பரிமாற இன்னொருவரை நிறுத்துவோம். கணிப்பொறி அறிஞர்களும் அதையே செய்தனர்.

பகிர்ந்து எழுதுதல்

1986ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் சேலம், ஹெக்டர் கார்சியா மோலினா ஆகிய இருவரும் ‘டிஸ்க் ஸ்டிரைப்பிங்’ என்ற முறையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நீண்ட செய்தியைத் துண்டு துண்டாக்கி, முதல் துண்டை முதல் தட்டிலும் இரண்டாவதை இரண்டாம் தட்டிலும், மூன்றாவதை மீண்டும் முதல் தட்டிலுமாக மாறி மாறி எழுதும் முறை அது. வண்ணப் பட்டைகள் மாறி மாறி வரும் துணியைப் போல இருப்பதால் அப்பெயர் வந்தது. நாம் இதனைப் ‘பகிர்ந்து எழுதுதல்’ என்று சொல்லிக்கொள்வோம்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் பாடிய திருப்பாவையில் 30 பாசுரங்கள் உண்டு. ஓலைக்கு ஒரு பாசுரமாக ஒருவர் படியெடுத்தால் 30 நாட்கள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இருவர் அமர்ந்து, ஒற்றைப்படைப் பாசுரங்களை ஒருவரும் இரட்டைப்படைப் பாசுரங்களை மற்றவரும் எழுதினால் 15 நாட்களில் வேலை முடியும். ஒருவர் ஓலைகளை ஒரு பெட்டியிலும் மற்றவர் ஓலைகளை இன்னொரு பெட்டியிலும் வைக்கிறார்கள். வேகம் இரட்டிப்பாயிற்று.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பெட்டிகளில் எந்த ஒன்றும் திருப்பாவை அன்று. ஒரு பெட்டியைக் கரையான் அரித்துவிட்டால் மிஞ்சுவது பாதி நூல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்று விட்டு ஒன்றாகச் சிதறிய ஓலைகளே மிஞ்சும். கணிப்பொறியின் நிலை இன்னும் மோசம். அங்கே துண்டு என்பது முழுப் பாசுரமன்று. படத்தின் நடுவிலும் எழுத்தின் நடுவிலும் வெட்டிய துணுக்கு. எனவே ஒரு தட்டு பழுதானால் பெரும்பாலும் எல்லாமே போயிற்று எனலாம்.

வேறொரு குறையும் உண்டு. பகிர்ந்து எழுதினால் நீண்ட செய்திகள் விரைவாக வரும். சிறு செய்திகள் வாரா. ஒரு தட்டில் வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். இரண்டு தட்டுகளிலும் உள்ள துணுக்குகள் வேண்டுமென்றால் பிந்தி வருவதற்காகக் காத்திருக்க நேரும். நிகழ்தகவுக் கணக்கின்படி அந்தச் சராசரி மூன்றில் இரண்டு சுற்று, ஏறக்குறைய 5.6 மில்லி நொடி. இருவர் சேர்ந்து புறப்படும் பயணத்தில் பிந்தி வருபவரே நேரத்தை நிர்ணயிப்பதைப் போன்றது இது. இதனைத் தவிர்க்கவே, எல்லாத் தட்டுகளையும் ஒரே கட்டத்தில் ஒத்திசைத்துச் சுழற்றும் திட்டத்தை அதே 1986ஆம் ஆண்டில் மிஷெல் கிம் என்ற ஆராய்ச்சியாளர் முன்வைத்தார்.

முந்நூறு மணி நேரம்

இரண்டாண்டுகள் கழித்து, 1988இல், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. ‘ரெய்டு’ என்ற சொல் அதில்தான் பிறந்தது. மலிவான தட்டுகளை மிகைச் செய்தியுடன் அணிவகுத்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். பின்னாளில் ‘மலிவான’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் ‘தனித்தியங்கும்’ என்று மாற்றிக்கொண்டனர்.

அவர்கள் ஒப்பிட்ட இரு கருவிகளைப் பாருங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் பெருந்தட்டு 7,500 மெகாபைட் கொண்டது. கானர் நிறுவனத்தின் சிறுதட்டு 100 மெகாபைட் கொண்டது. 75 சிறுதட்டுகளைச் சேர்த்தால் ஒரு பெருந்தட்டின் அளவு வந்துவிடும், வேகமோ பன்மடங்காகும். அப்படியென்றால் பெருந்தட்டு எதற்கு?

இங்கேதான் சிக்கல் வந்தது. ஒரு சிறுதட்டு பழுதின்றி இயங்கும் சராசரிக் காலம் 30,000 மணி நேரம், அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல். நூறு தட்டுகளைச் சேர்த்தால்? ஏதேனும் ஒன்று பழுதாக 30,000 ÷ 100 = 300 மணி நேரமே ஆகும். இரண்டு வாரங்கூட இல்லை! இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அனைத்தையும் இழக்கும் கருவியை யார் வாங்குவார்?

இரண்டே தட்டுகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஓராண்டில் ஒரு தட்டு பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று கொள்வோம். இரண்டும் நன்றாக இருக்கும் வாய்ப்பு 0.95 × 0.95 = 0.9025. எனவே இழப்புக்கான வாய்ப்பு நூற்றுக்கு 9.75. வேகம் இரட்டிப்பானதோடு ஆபத்தும் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

பெர்க்லி அறிஞர்கள் இதற்கு மருந்தும் கூறினர். ஒவ்வோர் அணியிலும் கூடுதலாக ஒரு தட்டு வைத்து, அதில் மற்றவற்றின் ‘கூட்டுத்தொகை’யை எழுதிவைத்தால் போதும். 7, 5 என்ற எண்கள் இரு தட்டுகளிலும், 12 என்ற கூட்டுத்தொகை மூன்றாவதிலும் இருக்கின்றன. 5 அழிந்துவிட்டால் 12இல் 7ஐக் கழித்து அதனை மீட்டுவிடலாம். இந்தக் கருத்துக்கு 1978ஆம் ஆண்டிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் நார்மன் கென் ஔச்சி காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லிக் கட்டுரை பாதுகாப்பு முறைகளுக்கு 1 முதல் 5 வரை எண்ணிட்டது. பாதுகாப்பே இல்லாமல் வெறுமனே பகிர்ந்து எழுதும் முறைக்கு அதில் எண் இல்லை. பின்னர் வந்தவர்கள் அதற்குப் பூஜ்யம் என்று எண் கொடுத்தனர். அண்ணாச்சி கேட்டது இந்தப் பூஜ்யத்தைத்தான்!

அழிக்காமலே அழிவது எப்படி?

சரி, ஏற்கெனவே ஒரு தட்டில் உள்ள செய்திகள் இரண்டாவது தட்டைச் சேர்க்கும்போது ஏன் அழிய வேண்டும்? யாரும் அவற்றைச் சுரண்டி எடுக்கவில்லையே?

மீண்டும் ஓலைப் பெட்டிக்கு வருவோம். பழைய பெட்டியில் 30 அறைகள். முதல் அறையில் முதல் பாசுரம், இரண்டாம் அறையில் இரண்டாம் பாசுரம் என வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, “இனிமேல் பகிர்வு விதி” என்று அறிவித்துவிடுகிறோம். புதிய விதியின்படி இரண்டாம் பாசுரம் புதிய பெட்டியின் முதல் அறையில் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. மூன்றாம் பாசுரம் பழைய பெட்டியின் இரண்டாம் அறையில் இருக்க வேண்டும். அங்கே இருப்பதோ இரண்டாம் பாசுரம். ஓலைகள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் முகவரி முழுவதும் பொய்யாகிவிட்டது. கணிப்பொறி இதனை வெற்றிடம் என்று கருதிப் புதிய அட்டவணையை எழுதத் தொடங்கும்போது, உண்மையான அழிவும் நிகழ்கிறது. என் அளவீடுகள் போனது இப்படித்தான்.

இருந்த இடத்திலேயே ஓலைகளை மாற்றி அடுக்கினால் என்ன? முடியும். ஆனால் வரிசை முக்கியம். கடைசியிலிருந்து தொடங்குவதாகக் கொள்வோம். 29ஆம் பாசுரம் பழைய பெட்டியின் 15ஆம் அறைக்குப் போக வேண்டும். அங்கே 15ஆம் பாசுரம் இன்னும் இடம் மாறாமல் இருக்கிறது. தட்டில் எழுதுவது என்பது பழையதன் மேலேயே எழுதுவது. ஆகவே 15ஆம் பாசுரம் அழிந்தது!

முதலிலிருந்து தொடங்குங்கள். முதல் பாசுரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டாவது புதிய பெட்டியின் முதல் அறைக்குப் போகட்டும். மூன்றாவது பழைய பெட்டியின் இரண்டாம் அறைக்கு வரட்டும்; அங்கிருந்த இரண்டாவது முன்னரே குடிபெயர்ந்துவிட்டதால் நட்டமில்லை. ஐந்தாவது மூன்றாம் அறைக்கு வரும், அங்கிருந்ததும் போய்விட்டது. பொதுவாகச் சொன்னால், ஒற்றைப்படை எண்ணான ‘ந’ என்ற பாசுரம் (ந + 1) ÷ 2 என்ற அறைக்கு வருகிறது. மூன்று முதல் எந்த எண்ணுக்கும் இது ‘ந’வைவிடச் சிறியது. எனவே அந்த அறையில் இருந்தது ஏற்கெனவே இடம் மாறிவிட்டது. எழுதும் இடம் எப்போதும் படிக்கும் இடத்திற்குப் பின்னாலேயே வருகிறது. மாணவர்கள் இதனைக் காகிதத் துண்டுகளை வைத்துத் தாமே செய்து பார்க்கலாம்.

இடையில் மின்சாரம் நின்றால்?

நம் ஊரில் இந்த வினாவைக் கேட்காமல் இருக்க முடியாது. பத்துப் பாசுரங்கள் மாறிய நிலையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. ‘பத்து முடிந்தது’ என்று எங்கேனும் குறித்து வைத்திருந்தால் கவலையில்லை: முதல் பத்துக்குப் புதிய விதி, மீதி இருபதுக்குப் பழைய விதி. குறிப்பு இல்லையென்றால் எது எங்கே என்று யாராலும் சொல்ல இயலாது.

குறிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் குறிப்பு எழுதினால் வேலை நகராது. எனவே பல அடிகளுக்கு ஒருமுறை எழுதுவார்கள். ‘இரண்டு முடிந்தது’ என்ற குறிப்புக்குப் பின் மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றை மாற்றியதும் மின்சாரம் நிற்கிறது என்று கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கும் கணிப்பொறி, குறிப்பை நம்பி மூன்றாம் பாசுரத்தைப் பழைய மூன்றாம் அறையில் தேடும். அங்கே இப்போது இருப்பது ஐந்தாம் பாசுரம்! ஆகவே தொடக்கப் பகுதியே ஆபத்தான பகுதி. அங்கே படிக்கும் இடத்திற்கும் எழுதும் இடத்திற்கும் இடைவெளி மிகக் குறைவு. போகப் போக இடைவெளி பெருகும். இருபதாம் பாசுரத்தை எட்டும்போது பத்து அறை இடைவெளி கிடைத்துவிடும்.

லினக்ஸ் என்னும் இயங்கு முறையில் தட்டு அணிகளைப் பேணிவந்த நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர், இயங்கிக்கொண்டிருக்கும் அணியில் புதிய தட்டைச் சேர்த்து மாற்றியடுக்கும் வசதியை 2006இல் கொண்டுவந்தார். கூட்டுத்தொகை கொண்ட அணிக்கு முதலில் வந்த இவ்வசதி, பின்னர் வெறும் பகிர்வு அணிக்கும் விரிந்தது. அவர் அந்த ஆபத்தான தொடக்கப் பகுதியை மட்டும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டே வேலையைத் தொடங்கச் செய்தார். ‘ஓப்பன் இசட்எப்எஸ்’ என்ற மற்றொரு முறையில் இத்தகைய விரிவாக்க வசதி 2025ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. கருத்து எளிது, ஆனால் பிறர் உடைமையின் மீது கைவைக்கும் வேலை என்பதால் அவசரப்பட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை நீங்குவதில்லை. மாற்றியடுக்கும்போது தட்டின் ஒவ்வோர் அங்குலமும் படிக்கப்பட்டு எழுதப்படுகிறது. வயதான தட்டு படுத்துவிட ஏற்ற நேரம் அதுதான். அப்போது எந்தக் குறிப்பும் உதவாது. வெளியே ஒரு முழுப் படி இருந்தால் மட்டுமே உதவும்.

மூலத்தைக் கைவிடாதவர்கள்

இதற்குச் சிறந்த பாடம் கொடைக்கானலில் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் கதிரவனைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்து வந்தார்கள். நூறாண்டுக் கால வரலாற்றைச் சொல்லும் அத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணியப் படங்களாக மாற்றியது. இன்று கதிரவப் புள்ளிகளை ஆராய்வோர் உலகின் எந்த மூலையிலிருந்தும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆயினும் கண்ணாடித் தகடுகளைத் தூக்கி எறியவில்லை. அவற்றையும் காத்து வருகிறார்கள். நேற்றைய கதிரவனை மீண்டும் படம்பிடிக்க முடியாதல்லவா?

ஏடுகளைப் படியெடுத்த நம் முன்னோரும் இதனை அறிந்தவர்களே. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தாம். நூல் பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. பழைய ஓலை ஒடியுமுன் புதிய ஓலையில் எழுதி, ஒப்புநோக்கிச் சரிபார்த்த கைகளால்தான்.

அண்ணாச்சியின் தட்டு

அண்ணாச்சியிடம் மூன்றாவதாக ஒரு தட்டு வாங்கச் சொன்னேன். “ரெண்டுக்கே கணக்குப் பார்க்கேன், மூணா?” என்றார். “ஒரு கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா, அண்ணாச்சி?” என்றேன். சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் வாங்கிவிட்டார்.

பழைய தட்டிலிருந்த 2 டெராபைட் செய்தியை மூன்றாவதற்குப் படியெடுத்தோம். நொடிக்கு 100 மெகாபைட் என்றால் 20,000 நொடிகள். அதாவது ஐந்தரை மணி நேரத்திற்குச் சற்று அதிகம். படியெடுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் இரு பக்கமும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்புநோக்கினோம். அதற்கும் அதே அளவு நேரம் ஆயிற்று. பிறகு அந்த மூன்றாவது தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு தட்டுகளையும் பகிர்வு அணியாக அமைத்தோம். இறுதியில் படியிலிருந்து செய்திகளைத் திரும்ப ஏற்றினோம். பூஜ்ய அணியில் வேலை நடக்கட்டும். வேலை முடிந்த படம் ஒவ்வொன்றும் அன்றிரவே மூன்றாவது தட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்று சுழலும் தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பே இல்லாத மின்னணு நினைவகங்கள் வந்துவிட்டன. அவற்றுள் விரைவானவை ஒன்றே நொடிக்குச் சில ஆயிரம் மெகாபைட் தருகின்றன. எனவே வேகத்திற்காகவே தட்டுகளைச் சேர்க்கும் தேவை வீடுகளில் குறைந்துவிட்டது. கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை. ஒன்றைப் பலவற்றில் பகிர்ந்து வைத்தால் வேகம் கூடும். பலவற்றில் ஒன்று கெட்டாலும் அந்த ஒன்று கெடும்.

அடுத்த ஆண்டு ஆடிப்பூரத்திற்குச் சில நாட்கள் முன்பு அண்ணாச்சியின் இரு தட்டுகளில் பழையது நின்றுவிட்டது. தொலைபேசியில் அழைத்தார். நான் பதறினேன், அவர் பதறவில்லை. “சார், புதுசு ஒண்ணு வாங்கியாச்சு. அலமாரியில இருக்கிறதை எப்படித் திரும்ப ஏத்தணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.